எஸ்தருக்குப் பன்னு கொடுத்த ஞாயிறு

சாக்பீஸ் கையில் இருந்தது. பலகையில் ஐந்து பெயர் எழுதியாகிவிட்டது. ஆறாவது பெயரை எழுதுவதா வேண்டாமா என்று தவித்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது பொய். நான் தவிக்கவே இல்லை. சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கையைத் தட்டிவிட்டு, என் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி இருக்கும். மேடைக்குப் பின்னால் இருக்கும் அந்த நடையில் ஈரச் சுவர் வாசனையும் முகப் பவுடர் வாசனையும் சேர்ந்து அடித்துக்கொண்டே இருக்கும். கலைஞர்கள் ஒவ்வொருவராக வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போகும் செருப்புச் சத்தம் என் அறைக்குள் கேட்டது.

வந்த செருப்பெல்லாம் போய்விட்டது. ஒன்று மட்டும் நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

அது என் தங்கச்சி எஸ்தருடைய செருப்பு.

காசிம் பாய் போட்ட போன்

இதை நான் எழுதுவதாகவே இல்லை. போன வாரம் டியூப்லைட் தின்கிறவரைப் பற்றி எழுதினேன் இல்லையா, அதைப் படித்துவிட்டு காசிம் பாய் போன் பண்ணினார். எங்கள் கொட்டகையில் கேன்டீன் நடத்தியவர். நாற்பது வருஷப் பழக்கம், அதனால் நாக்குக்கு வேலி கிடையாது.

"இன்னா மேனேஜரே, நானும் வாரா வாரம் படிச்சிக்கினுதான் இருக்கேன். டியூப்லைட் துன்றவன எழுதுன. தலைகீழா நிக்கிறவன எழுதுன. ஊர்ல இருக்கறவனை எல்லாம் பிச்சு உதற்ற. உன் தங்கச்சி மேட்டர் மட்டும் பேனாவுல வராதா?"

"அது குடும்ப விஷயம் பாய்."

"அன்னிக்கு குடும்பம் இல்லன்னுதானே பன்னு குடுத்த?"

போனை வைத்துவிட்டார். மனுஷன் சொன்னதில் என்ன தப்பு?

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இரண்டு வரி. நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு சினிமாக் கொட்டகையில் முதலில் ஆபரேட்டராகவும் பிறகு மேனேஜராகவும் இருந்தேன். கொட்டகை முதலாளியை ஊரே நைனா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. கொரோனா முடிந்து கொட்டகையைத் திறந்தால் படத்துக்கு ஆள் வரவில்லை. எல்லாரும் படத்தைப் போனிலேயே பார்க்கப் பழகிவிட்டார்கள். நைனா ஒரு முடிவுக்கு வந்தார்: வாரம் முழுக்கக் கொட்டகை மூடியிருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பல்சுவை நிகழ்ச்சி. பகல் பதினொரு மணிக்கு ஒரு காட்சி, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு காட்சி. ஆறு அயிட்டம். சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்கிற பையன்கள்தான் ஜனம்.

எந்த அயிட்டம் நிற்கும், எது போகும் என்று தீர்மானிக்கிற வேலை எனக்கு.

காலைப் பார்த்துச் சொல்கிற தீர்ப்பு

எனக்கு அப்படி என்ன தகுதி என்று கேட்பீர்கள். பாட்டுத் தெரியாது, ஆட்டம் தெரியாது. ஆபரேட்டர் அறையின் ஓட்டை வழியாக இருபது வருஷம் கீழே பார்த்தவன், அவ்வளவுதான். அந்த ஓட்டையில் எனக்குப் படத்தைவிட அதைப் பார்க்கிற தலைகள்தான் தெரியும். தலை எப்போது ஆடுகிறது, எப்போது பக்கத்துத் தலையோடு பேசுகிறது, எப்போது எழுந்து போகிறது என்பதை வைத்தே படம் எத்தனை நாள் ஓடும் என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் பலிக்கும். அதில் ஒரு மண்டைக்கனம் வந்துவிட்டது.

பல்சுவை வந்ததும் கீழே இறங்கிவிட்டேன். மேடையின் ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜனத்தைப் பார்த்து உட்காருவேன். இருட்டில் முகம் தெரியாது. முன்வரிசைகளில் மேடை வெளிச்சம் விழுந்து கால்கள் மட்டும் தெரியும். கால் தாளம் போட்டால் அயிட்டம் நிற்கும். கால் செருப்பைத் தேடினால் போச்சு, ஆள் எழுந்திருக்கப் போகிறான் என்று அர்த்தம். மடியில் ஒரு நோட்டு. அயிட்டம் முடிந்ததும் ஒரு வரி எழுதுவேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

"மிமிக்ரி. பத்துக் குரல் என்றார். ஒன்பது ஒரே மாதிரி."

"புறா மேஜிக். புறா நன்று. ஆள் சுமார்."

"டூயட் டான்ஸ். பெண் ஆடுகிறாள். பையன் பெண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்."

என்ன திமிர் பாருங்கள்! கடம்பத்தூரிலிருந்து இரண்டு ரயில் மாறி, புறாக் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவனுக்கு நான் எழுதுகிற சர்டிபிகேட் இது.

பகல் காட்சி முடிந்ததும் நடையில் இருக்கும் கரும்பலகையில் சாயங்கால வரிசையை எழுதுவேன். பலகையில் பேர் இருந்தால் இருங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போங்கள், அடுத்த வாரமும் வரவேண்டாம். வாயால் சொல்கிற வழக்கமே கிடையாது.

பன்னு

அந்த வழக்கம் எப்படி வந்தது தெரியுமா? முதன்முதலில் நான் நீக்கிய ஆள் திருவள்ளூரிலிருந்து வந்த ஒரு விகடகவி. காலையில் நாஷ்டாகூடச் சாப்பிடாமல் வந்திருந்தார். "சார், எப்படி இருந்துச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மூஞ்சிக்கு நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "பாய், இவருக்கு ஒரு பன் பட்டரும் டீயும் குடுங்க, என் பேர்ல" என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டேன். அவர் பன்னைத் தின்றுகொண்டே பலகையைப் பார்த்தார்.

அடுத்த வாரமும் ஒருத்தருக்கு அதேதான். மூன்றாவது வாரத்துக்குள் அது சட்டமாகிவிட்டது. "இன்னிக்கு யாருக்குப் பன்னு?" என்று மேக்கப் போடும்போதே கேட்டுக்கொள்வார்கள். யாராவது என் முன்னால் டீ குடித்தால்கூட, "எச்சரிக்கையா இருடா, பன்னு வரப்போவுது" என்று கிண்டல் பண்ணுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். பன்னு வாங்கிக்கொண்டு போனவர்கள் பஸ் ஸ்டாண்டில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

கோழைத்தனத்துக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்திருக்கிறேன், வேறென்ன!

பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடம்

எஸ்தர் எனக்கு எட்டு வயது இளையவள். எங்கள் அப்பா கடம்பத்தூர்ப் பக்கம் ரெட்டியார் நிலத்தில் நாற்றுக்கட்டு சுமந்தவர். நாங்கள் இரண்டு பேரும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வந்தது பிழைப்புக்காக. எளாவூரில் ஒரு லாரி டிரைவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம். கல்கத்தா ரோட்டில் போகிற லாரி. ஒரு தடவை போனவன் போனவன்தான். செத்திருந்தால் ஒரு சேதியாவது வந்திருக்கும். ஒரிசாவில் வேறு குடும்பம் என்று செக்போஸ்ட்டில் பேசிக்கொண்டார்கள். குழந்தை இல்லை. எளாவூரில் ஒற்றை அறை வாடகை வீடு, சிப்காட்டில் ஒரு பேக்கிங் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. இதுதான் அவள் வாழ்க்கை.

பாட்டு சின்ன வயதிலிருந்தே உண்டு. சர்ச்சில் பாடுவாள். ஒரு ஞாயிறு பாட வேண்டிய பெண் வரவில்லை. எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த எஸ்தரை நைனா பார்த்துவிட்டு, "சகாயம், உன் தங்கச்சி பாடும்னியே, ஏத்தி உடுய்யா" என்றார். ஏறினாள். பதினைந்து நிமிஷம் பாடினாள். இறங்கி வந்ததும் தண்ணீர் கேட்டாள். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் பேர் பலகையில் இருந்தது.

அவளுக்கு அது என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. அவளே சொன்னாள்.

"ண்ணா, ஆறு நாளும் கம்பெனில என்னைக் கூப்புட்றது டோக்கன் நம்பர்லதான். சூப்பர்வைசருக்கு என் பேரே தெரியாது. ஊட்டுக்குப் போனா கூப்புட ஆளே இல்ல. இங்கதான் மைக்குல 'எஸ்தர்'னு சொல்றாங்க. அதைக் கேக்கறதுக்கே வாரம் பூரா ஓட்டிக்கினு வர்றேன்."

இதைக் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன்? "சரி சரி, போய் சாப்பிடு" என்றேன்.

அவள் அயிட்டம் பற்றி என் நோட்டில் எழுதியிருப்பது இதுதான்: "எஸ்தர். பாட்டு பரவாயில்லை. சத்தம் போதாது. கால் நீட்டி உட்காருகிறார்கள்." கால் நீட்டி உட்காருவது என் கணக்கில் நல்ல அடையாளம். எழுந்து போகிற உத்தேசம் இல்லாதவன்தான் காலை நீட்டுவான். அதனால் அவளை வைத்திருந்தேன். தங்கச்சி என்பதற்காக வைத்திருக்கவில்லை. அது சத்தியம்.

ஆனால் யார் நம்புவார்கள்?

புறாக்காரர் கேட்ட கேள்வி

யாரும் நம்பவில்லை என்று புறாக்காரர்தான் எனக்குத் தெரியப்படுத்தினார். ஒரு ஞாயிறு அவருடைய புறா ஒன்று மின்விசிறிப் பக்கம் பறந்துபோய் இறங்க மறுத்துவிட்டது. பாதி நேரம் அவர் "வா, வா" என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றார். கால்கள் செருப்பைத் தேடின. அவருக்குப் பன்னு.

பன்னை வாங்கினவர் நேராக என் அறைக்கு வந்தார். மேஜைமேல் அதை வைத்தார். நடையில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினார்.

"மேனேஜர் சார், எனக்குப் பன்னு குடுத்தீங்க, சரி. என் நேரம். உங்க தங்கச்சி பாடறப்ப கொட்டாயே தூங்குது சார். கொறட்டை விட்டுத் தூங்குது. அதுக்குப் பன்னு கிடையாதா? ஆளுக்கு ஒரு நியாயமா?"

"வெளிய போய்யா" என்றேன். போய்விட்டார். ஆனால் நடையில் நின்றவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. இவ்வளவு நாளும் இவர்கள் முதுகுக்குப் பின்னால் இதைத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு எஸ்தர் மேடை ஏறியதும் நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன். சுவரோரமாக நடந்து பின்வரிசைவரைக்கும் போனேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். புறாக்காரர் சொன்னது நிஜம். வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான் ஒருத்தன். அடுத்தவன் தோளில் சாய்ந்து ஒருத்தன். மூன்று நாற்காலிக்குக் குறுக்கே படுத்திருக்கிறான் ஒருத்தன். ஏசி ஓடுகிற சத்தமும் குறட்டையும்தான் எனக்குக் கேட்டது. எஸ்தர் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் மானத்தை வாங்குகிறாளே என்றுதான் தோன்றியது. ஸ்டூலுக்குத் திரும்பி வந்து நோட்டில் எழுதினேன்: "ஆளைத் தூங்கவைக்கிறார். நீக்கவும்."

'ர்' போட்டு மரியாதையாக எழுதினேன். நியாயவான் இல்லையா!

"பேரு உட்டுப் போச்சா?"

செருப்புச் சத்தம் நின்றது என்றேனே, அங்கே வருகிறேன்.

காசிம் பாய்க்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. அவர் பன்னையும் டீயையும் எடுத்துக்கொண்டு முதலில் என் அறைக்கு வந்தார்.

"மேனேஜரே, இது நெசமாவா? எஸ்தருக்கா?"

"பன்னுன்னா எல்லாருக்கும் பன்னுதான் பாய்."

"நீயே குடு. என் கையால நான் குடுக்க மாட்டேன்."

தட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்போதுதான் எஸ்தர் வாசலுக்கு வந்தாள். நீலச் சேலை. பாடுவதற்கென்று வைத்திருந்தது அந்த ஒன்றுதான். முகத்தில் சிரிப்புக்கூட இருந்தது.

"ண்ணா, என் பேரு உட்டுப் போச்சா?"

இதுவரைக்கும் யாரும் என்னிடம் வந்து அப்படிக் கேட்டதில்லை. மற்றவர்களுக்கு அது தீர்ப்பு என்று தெரியும். இவளுக்கு மட்டும் அண்ணன் மறந்திருப்பான் என்று தோன்றியிருக்கிறது.

"உட்டுப் போவல" என்றேன். தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அவள் பன்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அழுதால் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"சரிண்ணா" என்றாள். டீயை மட்டும் நின்றபடியே குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்தாள். வெளியே போய் எளாவூர் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

அன்று சாயங்காலம் எனக்குக் கிடைத்த மரியாதையை நான் மறைக்கக் கூடாது. டியூப்லைட்காரர் என் கையைப் பிடித்து, "சார், நீங்க தர்மராஜா சார். கூடப் பொறந்ததுக்கே பன்னு குடுத்துட்டீங்க" என்றார். நடையில் நின்றவர்கள் எழுந்து வழி விட்டார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். நன்றாகவே தூங்கினேன், அதைத்தான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

காலி நாற்காலிகள்

அடுத்த ஞாயிறு பகல் காட்சியில் பின்வரிசைகள் காலி. மழைக்காலம், அதனால் இருக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த ஞாயிறு நடுவரிசையும் காலி. எஸ்தர் இடத்தில் நான் போட்டிருந்தது ஒரு டிரம்ஸ் கோஷ்டி. சத்தம் போதாது என்ற குறையே இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பிடித்தவர்கள். அடித்தால் கொட்டகை ஓடு பெயரும். முன்வரிசைக் கால்கள் தாளம் போட்டன. ஆனால் கால்கள் மொத்தம் எத்தனை? விரல் விட்டு எண்ணலாம்.

நைனா கொட்டகைக்கு வந்து நின்று பார்த்தார்.

"இன்னாய்யா சகாயம், சாயங்காலம் ஜனம் வருது. பகல்ல மட்டும் ஏன் இந்தப் பேஜாரு? ஆளில்லாத நாற்காலிக்கா ஏசி போட்டுக்கினு இருக்கோம்?"

நான் அயிட்டங்களைக் குறை சொன்னேன். மிமிக்ரியை மாற்றினேன், டான்ஸை மாற்றினேன். வாரத்துக்கு இரண்டு பன்னு, மூன்று பன்னு என்று போனது. ஜனம் திரும்பவில்லை.

ஒரு வார நாளில் சிப்காட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பையன் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தான். பேர் குமார். திருவண்ணாமலைப் பக்கத்து ஆள், இரும்பு ரோலிங் மில்லில் வேலை. முன்பு ஒவ்வொரு ஞாயிறும் பார்த்த முகம்.

"என்னப்பா, ஆளையே காணோம்? புரோகிராம் பிடிக்கலியா?"

"அதெல்லாம் இல்ல சார்." கொஞ்சம் தயங்கினான். "அந்த அக்கா ஏன் சார் வர்றதில்ல? நீலப் பொடவ கட்டிக்கினு பாடுவாங்களே."

"ஏன், அவங்க பாட்டு அவ்வளவு பிடிக்குமா? நீங்கல்லாம் தூங்கிக்கினு இல்ல இருந்தீங்க!"

"அதுக்குத்தான் சார் வந்ததே."

எனக்குப் புரியவில்லை. அவன்தான் புரியவைத்தான். சனிக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடிந்து ஞாயிறு காலையில்தான் ரூமுக்கு வருவார்கள். ஒரு ரூமில் பத்துப் பேர். மற்ற நாளில் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள், படுக்கிற பாய் காலியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இருப்பார்கள். ஒரு பக்கம் சமையல், ஒரு பக்கம் துணி, பத்துப் போனிலும் பத்துப் பாட்டு. மேலே சிமென்ட் ஷீட். உட்கார இடம் இருக்காது, படுப்பது எங்கே?

"டிக்கெட் வாங்கினா உங்க கொட்டாயில ஏசி இருக்கும் சார். ஆனா சத்தத்துல தூக்கம் வராது. அந்த அக்கா பாட ஆரம்பிச்சா மட்டும் கண்ணு தானா சொருவும். அவங்க எறங்குனப்புறம் எவன் கத்துனாலும் எழுந்திருக்க மாட்டோம். ஒரு ரெண்டு மணி நேரம் தூங்கிட்டுப் போவோம். வாரத்துல அதான் சார் நல்ல தூக்கம்."

டீயை அப்படியே வைத்துவிட்டேன். பழையபடி காலை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்கூடப் பிழைத்திருப்பேன். நீட்டின கால் சரியாகத்தான் சொன்னது. நான்தான் ஊர் வாய்க்குப் பயந்து முகத்தைப் பார்க்கப் போனேன்.

எளாவூர் மேம்பாலத்துக்குக் கீழே

மறுநாளே எளாவூருக்குப் போனேன். எஸ்தர் பகல் ஷிப்டை மாற்றிக்கொண்டு இரண்டாம் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி கேட்டு வாங்கியிருந்தாள். மேம்பாலத்துக்குக் கீழே கம்பெனி பஸ்ஸுக்காக நின்றவளைப் பிடித்தேன். லாரிகள் போகிற புழுதியில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். கழுத்தில் டோக்கன் அட்டை.

மூச்சு விடாமல் சொன்னேன். குமார் சொன்னது, பின்வரிசை காலியானது, நைனா கேட்டது எல்லாம். "நீ பாடுனா தூங்கறாங்க எஸ்தர். அதுக்குத்தான் வந்திருக்கானுங்க. எனக்குத் தெரியாமப் போச்சு!" என்றேன். என்னவோ புதையலைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவன் மாதிரி.

அவள் ஆச்சரியப்படவில்லை.

"எனக்குத் தெரியும்ண்ணா."

"தெரியுமா?"

"மேடையிலேந்து பாத்தா தெரியாதா? நைட் ஷிப்டு பாத்துட்டு வந்த மூஞ்சி எனக்குத் தெரியாதா? அதான் சத்தத்தைக் கொறைச்சுப் பாடுனேன். எழுப்பிடக் கூடாதேன்னு."

"அடிப் பாவி, ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே ண்ணா."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "திரும்பி வா, இந்த ஞாயிறே பேர் எழுதுறேன்" என்று கெஞ்சினேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"கடைசி நாலு வாரமும் மொதப் பாட்டா நான் ஒரே பாட்டுத்தான் பாடுனேன். அது இன்னா பாட்டு, சொல்லு?"

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன். எந்த வரிசையில் எத்தனை கால் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பாட்டு மட்டும் ஞாபகத்தில் இல்லை. குருட்டுப் போக்கில் ஒரு பழைய சினிமாப் பாட்டின் பேரைச் சொன்னேன்.

"அது சினிமாப் பாட்டு இல்லண்ணா" என்றாள். "நானே கட்டுனது."

பஸ் வந்துவிட்டது. "நாஷ்டா துன்னாம வந்திருப்ப, போய் எதுனா சாப்புடு" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

இரண்டு வரி

அவள் திரும்பி வரவில்லை. பகல் காட்சி நின்றது, பிறகு சாயங்காலமும் நின்றது. கொட்டகையை நைனா குடோனுக்கு விட்டுவிட்டார். எஸ்தர் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுக்கு வருவாள், கறி நறுக்குவாள், என் மனைவியோடு சிரித்துப் பேசுவாள். சர்ச்சில் எல்லாரும் பாடும்போது பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடி நிற்பாள். "அந்தப் பாட்டை ஒரு தடவை பாடேன்" என்று ஒரு கிறிஸ்துமஸில் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "மறந்து போச்சுண்ணா" என்றாள். நிஜமோ பொய்யோ, அதற்குமேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

அதனால் மற்றவர்களிடம் கேட்கப் போனேன். காசிம் பாய்க்குத் தெரியவில்லை. ஏசி போய்விடும் என்று கேன்டீன் கதவைச் சாத்தியே வைத்திருப்போம். மைக் செட் ஆளைத் தேடிப்பிடித்தேன். "அந்தம்மாவுக்குத் தாளம் கெடையாது, ஒண்ணும் கெடையாது சார். மைக்கைக் குடுத்துட்டு நான் பீடி குடிக்கப் போயிடுவேன்" என்றான். மேக்கப் அறையில் இருந்தவர்கள் அந்த நேரத்தில்தான் சாப்பிடுவார்கள்.

மிச்சம் குமார்தான். ரோலிங் மில் வாசலில் ஷிப்ட் விடும்வரைக்கும் காத்திருந்தேன். கேட்டதும் அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தெரியும் சார்!" என்றான். இரும்புத் தூள் ஒட்டின கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, வெட்கப்பட்டு, மெதுவாகப் பாடினான்.

"சங்கே சங்கே, சத்தமா ஊதாதே,
சாமத்து ஷிப்டு பாத்த புள்ளைங்க..."

நிறுத்திவிட்டான்.

"அப்புறம்?"

"அப்புறம் தெரியாது சார். அதுக்குள்ள தூங்கிடுவேன்."

அவன் சிநேகிதர்கள் நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்டான். எல்லாருக்கும் அந்த இரண்டு வரிதான் தெரிந்தது. அதற்குமேல் ஒருத்தனும் விழித்திருந்ததில்லை.

அந்தக் கொட்டகையில் அந்தப் பாட்டு முடிகிறவரைக்கும் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தவன் நான் ஒருத்தன்தான். மூன்றாவது வரி எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.